லேசான பக்கவாதம்

உல்போசின் என்ற பெயருக்கு எங்கள் கசாக் பேச்சில் 'ஆணாகப் பிறக்கட்டும்' என்று அர்த்தம். வரிசையாக நான்கு பெண்கள் பிறந்த வீட்டில் ஐந்தாவதும் பெண்ணாகப் போனதால், அடுத்ததாவது மாறட்டும் என்று அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. அடுத்துப் பிறந்தது தம்பிதான். "என் பேரு நல்லாத்தான் வேலை செஞ்சுது. என்ன, எனக்குச் செய்யாம அவனுக்குச் செஞ்சுது" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னால் மண்டபமே சிரிக்கும். முப்பது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பே கேட்டவர்களும் மறுபடி சிரித்தார்கள்.

நான் மக்பால், அவளுடைய சம்பந்தியம்மா. என் மகள் அய்கானிமை அவளுடைய மகன் சாயானுக்குக் கொடுத்திருக்கிறேன். ஷிம்கென்ட் பெரிய சந்தையில் ஒட்டகப் பாலும் காய்ந்த தயிர் உருண்டையும் விற்கிறேன். எங்கள் பக்கம் சம்பந்திகள் ஒருவரை ஒருவர் கேலி பேசாமல் இருந்தால், உள்ளுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் நினைக்கும். எங்கள் இருவரைப் பற்றி யாரும் அப்படி நினைத்ததில்லை.

விருந்தை நடத்தி வைப்பவரை நாங்கள் அசபா என்போம். உல்போசின் அந்த வேலைக்கு வந்தது ஒரு விபத்து மாதிரிதான். டயர் தொழிற்சாலையில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவள். கூட வேலை பார்த்தவளின் கல்யாணம் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தபோது, வரவழைத்த அசபா இரண்டாவது வாழ்த்துக்கு முன்பே குடித்துச் சாய்ந்துவிட்டான். யாரோ மைக்கை இவள் கையில் திணித்தார்கள். அன்றைக்குப் பிடித்ததை அவள் விடவில்லை. தொழிற்சாலை மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். இவளுக்கு அந்த மாதம் மட்டும் பதினோரு கல்யாணம்.

நாக்கு வளம் பல பேருக்கு உண்டு. இவளுக்கு இருந்தது ஞாபகம். முன்னூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் யார் யாருக்கு மாமன், யார் எந்தக் குலம், யாரை யாருக்கு முன்னால் கூப்பிட்டால் கோபம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். நிலத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி இருவரை ஒரு கல்யாணத்தில் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவர்களுடைய அப்பா பெயரைச் சொல்லி. "இன்னார் வீட்டுப் பிள்ளை வரட்டும்" என்றாள். இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். உட்காரவும் முடியவில்லை. ஒரே மைக்கில் வாழ்த்திவிட்டுத்தான் இறங்கினார்கள்.

போன செப்டம்பரில் எங்கள் பேரன் நடக்க ஆரம்பித்தான். குழந்தை நடக்கத் தொடங்கினால் காலில் நூல் கட்டி, நல்ல மனிதர் ஒருவரைக் கொண்டு அதை அறுத்து விருந்து வைப்பது வழக்கம். சாயான் வேறு அசபாவை அமர்த்தலாம் என்றான். "சொந்தப் பேரனுக்கு ஊரான் வந்து பேசுவானா?" என்று அவள் கேட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மதிய விருந்து. நூல் அறுத்தாகிவிட்டது. குழந்தை நாலு எட்டு வைத்துவிட்டு, கீழே கிடந்த மிட்டாயைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இனி வாழ்த்து. என்னைக் கூப்பிட எழுந்தாள் உல்போசின்.

"இப்போ வர்றது யாரு தெரியுமா? என் மருமகளைப் பெத்த குதிரை" என்றாள்.

கூடம் அதிர்ந்தது. நானும் சிரித்துக்கொண்டே எழுந்து, "குதிரைக்காவது நாலு காலு. உங்களுக்கு எல்லாம் வாய்தானே சம்பந்தி" என்றேன். இன்னும் சிரிப்பு. ஆனால் அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல. குதிரை இல்ல. அது... கதவு. என் கதவு."

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். அவள் வலது கையில் இருந்த மைக் மெல்லத் தாழ்ந்து இடுப்புக்கு வந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. அப்போதுதான் அவள் உதட்டின் வலது ஓரம் இறங்கியிருந்ததைக் கண்டேன். என் சந்தைக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரருக்கு இப்படித்தான் ஆனது.

"சாயான், வண்டியை எடு" என்றேன். அவனும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் லாரிசா ஹேகாய். தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் கொரியக் குடும்பத்துப் பெண், ஐம்பதை நெருங்கியவர். அதிகம் பேசாமல் வேலையைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். வலது கை சற்றே இறங்கியது. சாவி ஒன்றைக் காட்டி இது என்ன என்றார். உல்போசின் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "உப்பு" என்றாள். சொன்னதும் தப்பு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டதெல்லாம் புரிந்தது, நடக்கவும் முடிந்தது. சொல் மட்டும் மாறி மாறி வந்தது.

தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு ரத்தக் குழாய்களைத் தனியாக ஒரு படம். டாக்டர் வந்து, "ரத்தக் கசிவு இல்ல. ஆனா மூளைக்குப் போற பெரிய குழாய் ஒண்ணு இடது பக்கம் அடைச்சிருக்கு. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட ஆரம்பிச்சுட்டேன், அதுல யோசிக்க நேரமில்ல" என்றார். கூடவே, "வந்திருக்கிறது லேசான பக்கவாதம்தான்" என்றும் சொன்னார்.

சாயானுக்குச் சுருக்கென்றது. "லேசானதா? எங்கம்மாவுக்குப் பொழப்பே வாய்தான் டாக்டர். பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டினா லேசானதுன்னு சொல்வீங்களா?"

"கை, கால், பேச்சு பாத்து நாங்க போடுற மதிப்பெண்ணுல அப்படித்தான் வருது. அவங்களுக்கு அது லேசு இல்லன்னு எனக்கும் புரியுது. அதனாலதான் ஊசி. இப்போ அடுத்தது என்னன்னு பேசணும். அவங்க பக்கத்துலயே பேசலாம்."

கட்டிலைச் சுற்றி நின்றோம். நான், சாயான், உல்போசினின் கணவர் ஜுமாகாலி. அவர் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்தே பழகியவர், தரையிலும் பேசமாட்டார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உல்போசினின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல வெங்காயம் பயிர் போடுவோம்மா. வாய்க்கால் தண்ணி உங்களுக்கும் தெரியும். பெரிய வாய்க்கால்ல அடைப்பு. ஆனா வயல் இன்னும் காயல. ஏன்னா பக்கத்து சின்ன வாய்க்காலெல்லாம் சேர்ந்து தண்ணி விட்டுட்டு இருக்கு. அதான் உங்களுக்கு லேசா வந்திருக்கு. இப்ப ரெண்டு வழி. ஒண்ணு, தொடை வழியா மெல்லிசு கம்பி விட்டு, மேல வரைக்கும் போய் அடைப்பை இழுத்து எடுக்கிறது. இன்னொண்ணு, ஊசி, மருந்து, தட்டையா படுக்க வைக்கிறது, கண்ணை எடுக்காம பாத்துக்கிறது."

"எடுத்துடுங்க" என்றான் சாயான். அவன் மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்துகிறவன். "சிக்கினதை எடுக்காம எப்படி ஓடும்?"

"கடுமையா வந்திருந்தா இங்க உக்காந்து பேசிட்டு இருக்கமாட்டேன் தம்பி. இழுத்து எடுக்கிறதுதான் நல்லதுன்னு அப்போ சந்தேகமே இல்ல. இவங்க மாதிரி, அடைப்பு பெருசு, பாதிப்பு சின்னதுன்னு வர்றவங்களுக்கு எது நல்லதுன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஊர் ஊரா ரெண்டு விதமாவும் செஞ்சு பாத்துட்டு இருக்காங்க. கம்பி போற வழியில குழாய் கிழியலாம். கட்டி உடைஞ்சு இன்னும் உள்ள போய் உக்காரலாம். இப்ப நடக்கிறவங்களை நான் படுக்க வச்ச மாதிரி ஆயிடும்."

"சும்மா இருந்தா?"

"சின்ன வாய்க்கால் தாங்கலாம். ஊசியில கட்டி கரையலாம். தாங்காமலும் போகலாம். போனா திடீர்னு போகும்."

"உங்க அம்மாவா இருந்தா என்ன செய்வீங்க?"

டாக்டர் சாயானைத் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மாவா இருந்தாலும் எனக்கு இதே குழப்பம்தான். தெரிஞ்ச மாதிரி பேச எனக்கு வாய் வரல."

சாயான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, நீங்க சொல்லுங்க" என்றான். நான் என்ன சொல்ல? அது என் தலை இல்லை.

நான் நினைத்ததை ஜுமாகாலி வாய்விட்டுச் சொன்னார். "அவ தலை. அவளைக் கேளுங்க."

உல்போசின் இடது கையைத் தூக்கினாள். மேடையில் கூட்டத்தை அடக்க அப்படித்தான் தூக்குவாள். எல்லோரும் அடங்கினோம்.

"ஊசி... சரி" என்றாள். "கம்பி... இப்போ வேணாம்." மூச்சு வாங்கினாள். தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "இது... போச்சுன்னா. கம்பி."

"ஊசி போட்டுப் பாப்போம், மோசமானா உடனே எடுத்துடணும். அதானே?" என்றார் டாக்டர்.

அவள் தலையாட்டினாள். டாக்டர் எழுந்துபோய், கம்பி விடும் அறையில் ஆட்களைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதை நான் காதால் கேட்டேன்.

மருந்து இறங்க இறங்க அவள் முகம் தெளிந்தது. உதடு நேரானது போல இருந்தது. சாவியைக் காட்டியபோது கொஞ்சம் தேடிவிட்டு "சாவி" என்றாள். என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, மூஞ்சியை ஏன் ஊறின ரொட்டி மாதிரி வச்சிருக்கீங்க?" என்றாள். ஒரு சொல்கூடத் தப்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "குதிரைக்கு இதுக்கு மேல நல்ல மூஞ்சி எங்கே கிடைக்கும்?" என்றேன். சாயான் வெளியே போய் அய்கானிமுக்குப் போன் செய்து, அம்மா பேசிவிட்டாள் என்று சொன்னான்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். மண்டபத்தில் மிச்சமான கறியை யார் யாருக்குக் கொடுத்து அனுப்பினார்கள் என்று உல்போசின் கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். "பெரிய மாமா வீட்டுக்கு..." என்பதற்குள் அவள் கண் இரண்டும் இடது பக்கமாகப் போய் நின்றுவிட்டன. வலது கை கட்டிலிலிருந்து வழிந்து தொங்கியது. "சம்பந்தி" என்றேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

டாக்டர் ஓடி வந்தார். மறுபடி தலையைப் படம் எடுத்து, ரத்தம் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டு, நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடியது. சாயான் அந்தக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். "முதல்லயே எடுத்திருக்கணும். நான் சொன்னேன், கேட்டீங்களா?" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். ஜுமாகாலி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தோளில் கையை மட்டும் போட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே டாக்டர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, "எடுத்தாச்சு. குழாய் முழுசா திறந்துடுச்சு" என்றார். கிஸ்மிஸ் பழத்தில் பாதி அளவுதானாம் அந்தக் கட்டி. அவளுடைய இதயம் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, கட்டி அங்கே உண்டாகி மேலே போயிருக்கிறது. மாடி ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்வாள். நிறைய டீ குடிப்பதால் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

அடுத்த நாள் கை அசைந்தது. இரண்டு நாளில் கரண்டியைப் பிடித்தாள். பேச்சுத்தான் பின்தங்கி வந்தது.

அவள் இருந்த அறையில் ஹோசியத் என்ற உஸ்பெக் பெண் ஒருத்தி இருந்தாள். தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடுகிறவள். அவளுக்கும் இதே அடைப்பு, இதே இடம், அதுவும் லேசானதுதான். கம்பி வேண்டாம் என்று ஊசியோடும் மாத்திரையோடும் நிறுத்திக்கொண்டார்கள். அவள் சிரித்த முகமாகத் துணி மடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். சாயான் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டாக்டரை நடைபாதையில் நிறுத்தினான்.

"அதே மருந்து அந்தம்மாவுக்கு சரியா வேலை செஞ்சுது. எங்கம்மாவைக் கவிழ்த்துடுச்சு. நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"அந்தம்மாவுக்கு சின்ன வாய்க்கால் தாங்குச்சு. போன மாசம் இதே மாதிரி ஒருத்தருக்கு முதல்லயே கம்பி விட்டேன். குழாய் கிழிஞ்சுது. இப்ப அவரு கைத்தடியோட நடக்கிறாரு" என்றார் டாக்டர். "யாருக்குத் தாங்கும், யாருக்குத் தாங்காதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா நான் தூங்குவேன் தம்பி."

சாயான் கட்டிலுக்குப் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். "நான் இன்னும் கொஞ்சம் அடம் பிடிச்சிருக்கணும்மா" என்றான்.

உல்போசின் அவனை அருகில் வரச் சொல்லிக் காதைப் பிடித்துத் திருகினாள், வலது கையால். "நான்... சொன்னேன். நீ இல்ல" என்றாள். "அப்போ... பேச்சு கொஞ்சம் இருந்துச்சு. அதை வச்சு... சூதாட... மனசு வரல." அந்த ஒரு வாக்கியத்துக்கு அவளுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. சாயான் அதற்குப் பிறகும் வருந்தாமல் இல்லை. ஆனால் அவள் காதில் விழும்படி வருந்துவதை நிறுத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. இலையுதிர் காலம், கல்யாணக் காலம். அவள் எடுக்கமாட்டாள். ஜுமாகாலி எடுத்து, "அவ இப்ப பேசுறதில்ல" என்று சொல்லி வைத்துவிடுவார். கூப்பிட்டவர்களில் சிலர் அவள் ஏதோ கோபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். "இது கிண்ணம். சொல்லு, கிண்ணம்." ஒருநாள் நான் போயிருந்தபோது அவள் கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"சம்பந்தி, பாருங்க. நாப்பது வருஷம்... பேசல. இப்போ பேசுறாரு. கிண்ணம்."

ஜுமாகாலி கொஞ்சநேரம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உல்போசினும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பொருளின் பெயர்கூடப் பரவாயில்லை, ஆட்களின் பெயர்தான் வரவில்லை என்றாள். சொந்தத் தம்பி பிள்ளை வந்து நின்றால், யார் மகன், எந்த வீடு, போன வருஷம் என்ன சட்டை போட்டிருந்தான் என்பது வரை தெரிகிறது, பெயர் மட்டும் வருவதில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். நடக்கவைத்தார், பொத்தான் போடவைத்தார், பணம் எண்ணவைத்தார். எல்லாம் செய்தாள்.

"முன்ன செஞ்ச வேலையெல்லாம் இப்ப செய்ய முடியுதா?"

"சமைக்கிறேன். தோட்டம். பேரன்" என்றாள் உல்போசின். "விருந்து... இல்ல."

"அப்போ சின்னக் குறை ஒண்ணு. யார் துணையும் இல்லாம இருக்கீங்க. எங்க கணக்குல இது நல்ல முடிவும்மா."

"சின்னக் குறை" என்று அவள் திருப்பிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. புதுச் சொல்லை வாயில் போட்டுப் பார்ப்பது போலச் சொன்னாள். "உங்க கணக்குல... மைக் இருக்கா?"

"இல்லம்மா. மைக்குக்கு அதுல இடமில்ல." டாக்டர் கொஞ்சநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அது மனசுல உறுத்துது. ஆனா அன்னிக்கு சாயந்திரம் உங்களை உள்ள கொண்டுபோனப்போ, இந்தக் கேள்வியை நீங்க என்கிட்ட கேப்பீங்கன்னு நான் நினைக்கல."

உல்போசின் அதை யோசித்தாள். "சரி" என்றாள். வெளியே வந்து, "நல்ல பொண்ணு. பொய்... சொல்லல" என்றாள் என்னிடம்.

வசந்தத்தில் என் அண்ணன் மகன் கல்யாணம். வரமாட்டேன் என்றாள். "வராம வீட்டுல உக்காந்தா, சம்பந்திக்கும் எனக்கும் ஆகலைன்னு ஊரே பேசும்" என்று நான் மிரட்டித்தான் கூட்டிப்போனேன். தாமிர் என்ற இளைஞன் அசபா. அவளைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கிவந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரியம்மா, ஒரு வார்த்தை வாழ்த்துங்க போதும்." அவள் தலையசைத்து மறுத்தாள். வாய் நிறையக் கறி.

அவன் போனதும் தட்டைக் காட்டி என்னிடம் சொன்னாள். "சூடா இருக்கு, சம்பந்தி." பிறகு நிதானமாகச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னாள். முப்பது வருஷம் விருந்து விருந்தாகப் போயிருக்கிறாள், அவள் சாப்பிட உட்காரும்போது கறி ஆறிக் கொழுப்பு உறைந்திருக்கும். கறியோடு பரிமாறும் வேகவைத்த மாவுத் துண்டுகள் பசையாகியிருக்கும். இப்படி ஆவி பறக்கச் சாப்பிடுவது இப்போதுதான். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள்.

தாமிர் மணமகளின் அத்தையை முதலில் வாழ்த்தக் கூப்பிட்டான். உல்போசினின் கரண்டி நின்றது. "தப்பு" என்றாள். "முதல்ல... தாய்மாமன். மூணாவது மேசை. நீலத் தொப்பி. கோவப்படுவான், பாருங்க." நீலத் தொப்பிக்காரரின் முகம் ஏற்கெனவே இறுகிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய்த் தாமிரின் காதில் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்து அவரைக் கூப்பிட்டான். அந்த மனிதரின் பெயர் என்ன என்று நான் கேட்டேன். உல்போசின் கையை விரித்தாள்.

இப்போது வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். கடைக்கு அரைநாள் விடுமுறை விட்டு நானும் கூடப் போகிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, போகிற வழியில் இருக்கும் கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வருவாள். மருந்துக் கடை, செருப்புக் கடை, பல் டாக்டர், துணி வெளுக்குமிடம். முன் இருக்கையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போன வாரம் ஒருவர், "ஏம்மா, எங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். "தெரிஞ்சா நீங்களும் கூடப் படிங்க" என்றாள் உல்போசின். தடுமாறாமல் சொன்னாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார், பஸ் கிளம்பியது, அவள் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.